படுத்துப் பார்த்து வாங்கிய வண்டி

சாரல் காலத்தில் குற்றாலத்துக்குப் போகிறவர்கள் குளிக்கப் போவார்கள். நானும் என் மனைவி பூங்கொடியும் ஒரு பழைய காரில் படுத்துப் பார்ப்பதற்காகப் போனோம். படுத்துப் பார்க்க வேண்டியவள் அவள். ஓட்டிப் பார்க்க வேண்டியவன் நான். இரண்டில் ஒன்றுதான் உருப்படியாக நடந்தது.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் ஈரோட்டில் எங்கள் வீட்டு மாடிப்படியில் பூங்கொடி வழுக்கி விழுந்தாள். முதுகுத்தண்டில் இரண்டு முறை அறுவை நடந்தது. இப்போது வாக்கர் பிடித்து வீட்டுக்குள் நடப்பாள். ஒரு காப்பி குடித்து முடிக்கிற நேரம் உட்காருவாள். அதற்குமேல் படுத்தாக வேண்டும். ரயிலில் கீழ்ப்படுக்கை கிடைத்தால் எப்படியோ சமாளித்துவிடுகிறாள். ஆனால் ரயில் எல்லார் வீட்டு வாசலுக்கும் போவதில்லையே. எங்கள் மகள் பெருந்துறைக்குப் பக்கம் ஒரு தோட்டத்தில் குடியிருக்கிறாள். பேரன் பிறந்து, தவழ்ந்து, நடக்கவும் ஆரம்பித்துவிட்டான். பாட்டியானவள் இன்னும் அந்த வீட்டு வாசலைப் பார்க்கவில்லை.

ஆம்புலன்ஸ் வைத்துப் போகலாமா என்று கேட்டுப் பார்த்தேன். “ஆம்புலன்ஸ்ல போனா பாக்கறவங்க ஐயோ பாவம்பாங்க. கார்ல போனாப் பொறாமைப்படுவாங்க. எனக்குப் பொறாமைதானுங்க வேணும்” என்று சொல்லிவிட்டாள். சொந்தக்காரர்களின் கார்களில் சீட்டைச் சாய்த்துப் பார்த்தோம். வேனில் பலகை போட்டுப் பார்த்தோம். வேன் படி உயரம், அவளைத் தூக்கி ஏற்றுவதற்குள் உயிர் போனது. உள்ளே போனால் தொட்டில் ஆடுவது போல ஆடியது. ஒவ்வொரு தடவையும் பாதி வழியில் திரும்பினோம்.

எங்கள் பழைய மெக்கானிக்தான் எஸ்டேட் வண்டி பாருங்கள் என்றார். முன்பக்கம் சாதாரணக் கார். பின்பக்கம் கூரை கடைசிவரை நீண்டு, ஒரு கதவில் போய் முடியும். பின் சீட்டை மடக்கினால் ஒரே சமதளம், உயரமும் குறைவு. முப்பது வருடத்துக்கு முந்தைய டீசல் வண்டி. இன்று தேடினாலும் கிடைக்காது, கிடைத்தால் வைத்திருப்பவர்கள் அதைக் காட்சிப் பொருளாக்கி யானை விலை சொல்வார்கள். தென்காசியில் ஒன்று விற்பனைக்கு நிற்பதாகப் போனில் பார்த்தேன். விலையைப் பார்த்து ஒரு பூஜ்யம் விட்டுப்போயிற்றோ என்று நினைத்தேன். நம்பருக்குக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“பின்னாடி ஒரு ஆள் படுத்துட்டு வர முடியுமாங்க?”

எதிர்முனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “படுக்கலாம். காலை நல்லா நீட்டிப் படுக்கலாம்” என்றார் வண்டிக்குச் சொந்தக்காரரான சாகுல் பாய்.

கிளம்பும்போதே பூங்கொடி ஒப்பந்தம் போட்டாள். “இதுதான் கடைசிங்க. இதுலயும் என்னால முடியலீன்னா, இனி எங்கீமே கூப்பிடக் கூடாது. வீடு போதும்னு இருந்துக்குவேன்.” சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான்தான் சிரிக்கவில்லை.

தென்காசியில் இறங்கினால் வெயில் அடிக்கிறது, தூறலும் போடுகிறது. எங்கள் ஊரில் இப்படிப் பெய்தால் காக்கைக்கும் நரிக்கும் கல்யாணம் என்று குழந்தைகளைக் கூப்பிட்டுக் காட்டுவோம். இங்கே யாரும் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. குடை வைத்திருப்பவர்களும் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நனைகிறார்கள். காற்றில் ஒரு குளிர்ச்சி. ஈரோட்டு வெயிலில் காய்ந்த எனக்கு யாரோ கோயில் கோபுரத்துக்குப் பின்னாலிருந்து விசிறிவிடுவது போல இருந்தது.

ஸ்டேஷனுக்கு எதிரிலேயே லாட்ஜ் பிடித்திருந்தேன். அந்த எதிர்ப்பக்கம் போய்ச் சேர்வதற்குள் வாக்கரோடு மூன்று இடத்தில் நின்றோம். நடுவில் ஓர் ஆட்டோக்காரர் இன்னொருவரைப் பார்த்து, “ஏலே, வண்டிய எடுலே, அக்கா வாராவல்லா, கண்ணு தெரியலயாலே!” என்று கத்தினார். பூங்கொடி பயந்து என் கையைப் பிடித்தாள். சண்டை என்று நினைத்துவிட்டாள். அவர் என்னவோ அவளுக்காகத்தான் போக்குவரத்தையே நிறுத்திக்கொண்டிருந்தார். நாங்கள் நாய்க்குட்டியைக்கூட “வாங்க” என்று கூப்பிடுகிற ஊர்க்காரர்கள். இந்த ‘லே’ காதுக்குப் பழக அன்று முழுக்க ஆயிற்று.

லாட்ஜில் பக்கத்து அறையில் கொல்லத்திலிருந்து வந்த குடும்பம். சுவர் மெலிசு. மலையாளம் எனக்கு அரைகுறையாகப் புரியும். அருவிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு போவதா, போய்த் தேய்ப்பதா என்று விவாதம். கணவர், “அங்கே தேய்ப்பவன் நம் எலும்பை எண்ணிவிடுவான், இங்கேயே தேய்” என்கிறார். மனைவி, “லாட்ஜ் துண்டு பாழாகும்” என்கிறார். எலும்பை எண்ணுவது என்றதும் பூங்கொடி படுத்த வாக்கில் சிரித்து, முதுகு வலித்து, வலியோடு சிரித்தாள்.

இரவுக்குப் பரோட்டா வாங்கி வந்தேன். கேரள எல்லைப் பக்கம் இருக்கிற கடைகளின் பரோட்டாவைப் பற்றி ஊரே பேசுகிறது. சின்னதாக, உள்ளங்கை அளவு. பிய்த்தால் பஞ்சு. நாட்டுக்கோழியை மிளகு போட்டு வறுத்து, அதன்மேல் எண்ணெயே குழம்பாக நிற்கிறது. எங்கள் ஊரில் பரோட்டாவைக் கொத்திக் கொத்தி வதைப்பதுதான் வழக்கம். பூங்கொடி ஒருக்களித்துப் படுத்தபடி சாப்பிட்டுவிட்டு, “வண்டி நல்லா இல்லீன்னாலும் இதுக்காக வந்தது தப்பில்லீங்க” என்றாள். வண்டி நல்லா இல்லாமல் போவதற்கு அவள் தன்னைத் தயார் செய்துகொள்வது எனக்குப் புரிந்தது.

மறுநாள் காலை சாகுல் பாய் வண்டியோடு லாட்ஜுக்கே வந்தார். அறுபதைத் தாண்டியவர், வெள்ளைத்தாடி, வெள்ளைக் கைலி. சவூதியில் நெடுங்காலம் லாரி ஓட்டிவிட்டுத் திரும்பியவர். அந்தக் காசில் புதிதாக வாங்கிய வண்டி இது, வேறு யார் கையும் படவில்லை என்றார். சந்தன நிறம். சக்கரத்துக்கு மேலே கொஞ்சம் துரு. நான் மஞ்சள் மண்டிக்காரன், சரக்கை முகர்ந்து பார்த்தே பழக்கம். கதவைத் திறந்து முகர்ந்தேன். டீசல் வாசனை, ஊதுபத்தி, கொஞ்சம் அத்தர்.

பாய் சாவியைத் திருகி, ஹீட்டர் விளக்கு அணையும்வரை காத்திருந்து, பிறகு இன்னொரு திருகு திருகினார். ஒரு தும்மல், கொஞ்சம் கறுப்புப் புகை. அப்புறம் எஞ்சின் அது பாட்டுக்குக் கடகடவென்று ஓடியது. பின்னால் தளத்தில் வழவழப்பான பலகை பதித்து, இரண்டு ஓரத்திலும் கட்டை அடித்து, பட்டை மாட்ட வளையங்கள் வைத்திருந்தார்.

“இது எதுக்குங்க பாய்?”

“ஏத்துதது நகரக் கூடாதுல்லா அண்ணாச்சி.”

வியாபாரிக்குச் சரக்கு நகரக் கூடாது. எனக்கு அது நியாயமாகப் பட்டது. லாட்ஜ் மெத்தையை விரித்தோம். பூங்கொடி பின்கதவு விளிம்பில் உட்கார்ந்து, மெதுவாகச் சாய்ந்து, காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். யாரும் தூக்க வேண்டியிருக்கவில்லை. கால் நீட்டியும் இடம் மிச்சம். “அட!” என்றாள். அந்த ஒரு ‘அட’வுக்கே நான் வண்டியை வாங்கியிருப்பேன்.

“தங்கச்சிக்குச் சவுரியமா இருக்கா? நான் ஓட்டட்டா?” என்றார் பாய்.

“வாங்கறவன் ஓட்டிப் பாக்க வேண்டாமுங்களா?” என்று சாவியை வாங்கிக்கொண்டேன்.

மேலகரத்தைத் தாண்டிக் குற்றாலம் போகிற சாலை. இருபுறமும் தென்னை, எதிரே மேகம் மூடிய மலை. நான் மலையைப் பார்த்தேன். “அண்ணாச்சி, மெல்ல” என்றார் பக்கத்தில் இருந்த பாய். “தெரியுமுங்க” என்றேன். தெரியவில்லை. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் பெயின்ட் உதிர்ந்த வேகத்தடை. கடைசி நொடியில் பிரேக்கை மிதித்தேன், வண்டி குதித்து இறங்கியது. பின்னாலிருந்து பூங்கொடி போட்ட சத்தத்தில் சைக்கிளில் போனவர் இறங்கி நின்றுவிட்டார். பின்னால் வந்த டூரிஸ்ட் பஸ் வேறு ஹாரனை அழுத்தியது. நான் கண்ணாடி வழியாக அந்த டிரைவரைத் திட்டினேன். திட்ட வேண்டிய ஆள் ஸ்டியரிங்குக்கு இந்தப் பக்கம் இருந்தான்.

“திருப்புங்க. போதும்” என்றாள் பூங்கொடி.

லாட்ஜ் வந்து சேரும்வரை அவள் கண்ணைத் திறக்கவில்லை. மாத்திரை போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். “பாத்தாச்சுல்லங்க. சொன்னதை ஞாபகம் வெச்சுக்குங்க” என்றாள். அழவில்லை, கோபமும் இல்லை. அது எனக்கு இன்னும் மோசமாக இருந்தது.

சாயங்காலம் கால் போன போக்கில் நடந்து ஒரு டீக்கடையில் ஒதுங்கினேன். நேந்திரம்பழ பஜ்ஜி சூடாக இருந்தது, வாயில் ருசி ஏறவில்லை. வெளியூர்க்காரர் என்று தெரிந்ததும் கடைக்காரர், என்ன விஷயமாக வந்தீர்கள் என்று விசாரித்தார். சொன்னேன்.

“அந்த மையத்து வண்டியவா பாக்க வந்திய?” என்று ஆற்றிய டீயோடு நின்றுவிட்டார்.

மையத்து என்றால் பிணம். ஒவ்வொன்றாகச் சொன்னார். இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருப்பார். அங்கே யாராவது இறந்துபோனால் உடல் பெட்டியில் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு வரும். அந்தப் பெட்டி நீளத்துக்கு அப்போது ஊரில் இருந்த ஒரே கார் சாகுல் பாயுடையது. யார் வீட்டுப் பெட்டியானாலும் அவர்தான் போய் எடுத்து வருவார். டீசல் காசுகூட வாங்க மாட்டார். இப்போது ஜமாத்தில் குளிர்சாதனப் பெட்டியோடு ஆம்புலன்ஸ் வாங்கிவிட்டார்கள், வண்டி சும்மா நிற்கிறது.

“நல்ல வண்டிதான் அண்ணாச்சி. ஆனா எங்க ஊருல எவனும் வாங்க மாட்டான். வெளிநாட்டுப் பயணம் போறவன் அதுல கையக்கூட வைக்க மாட்டான். பிள்ளைய அந்தப் பக்கம் விளையாட விட மாட்டாவ.”

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. ஆம்புலன்ஸே வேண்டாம் என்றவளைக் கொண்டுபோய் எதில் படுக்க வைத்திருக்கிறேன்! கடைக்காரரிடம் வழி கேட்டு நேராகப் பாய் வீட்டுக்குப் போனேன். வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் “வாங்க” என்று சொல்லி முடிப்பதற்குள் ஆரம்பித்துவிட்டேன். மனுசனா நீ என்பதுவரை போய்விட்டது. பாய் துணியைக் கையில் வைத்துக்கொண்டு தலைகுனிந்து கேட்டார்.

“சொல்லிருக்கணும். என் மேலதான் தப்பு” என்றார். “நீங்க போன்ல, ஆளு படுத்துட்டு வரணும்னு சொன்னிய பாருங்க, எனக்குப் பேச்சே வரல. உசுரோட ஒரு ஆளு இதுல படுத்து வரணும்னு நெனைச்சேன். சொன்னா வர மாட்டியன்னு பயந்துட்டேன்.”

பிறகு, நான் போகத் திரும்பியபோது சொன்னார். “நாளைக்குக் காலைல ஒரு தடவ நான் ஓட்டுதேன். தங்கச்சிக்கு நோவுதுன்னா அங்கனயே நிறுத்திருதேன். நீங்க வாங்கக் கூட வேண்டாம். வலிக்காமக் கூட்டிட்டுப் போக முடியும்னு அவகளுக்குத் தெரிஞ்சாப் போதும்.”

திட்ட இன்னும் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தேன். அதைப் பயன்படுத்த முடியாமல் போய்விட்டது.

அறைக்கு வந்து, பாய் ஓட்டுவதாகச் சொல்கிறார் என்று மட்டும் பூங்கொடியிடம் சொன்னேன். மற்றதைச் சொல்ல வாய் வரவில்லை. அவள் யோசித்தாள். “நீங்க ஓட்டுனா வர மாட்டேன். அவர் ஓட்டுனா, அருவிச் சத்தம் கேக்கற வரைக்கும் வாரேன். இவ்வளவு தூரம் வந்துட்டு அதைக்கூடக் கேக்காமப் போறதுக்கு மனசு வரலீங்க.”

மூன்றாம் நாள், சுற்றுலாக் கூட்டம் எழுந்திருப்பதற்கு முன்பே கிளம்பினோம். பாய் செருப்பைக் கழற்றிச் சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு வெறுங்காலால் கிளட்சை மிதித்தார். வண்டி நகர்ந்ததே தெரியவில்லை, லாட்ஜ்தான் பின்னால் போனது. நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பின்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். பூங்கொடி இரண்டு கையாலும் பட்டையை இறுகப் பிடித்திருந்தாள். கண்ணாடியில் தூறல். மலை முழுவதும் மேகத்துக்குள் இருந்தது.

முதல் மேடு வருவதற்கு வெகு முன்னாலேயே பாய் வேகத்தைக் குறைத்தார். தனக்குத்தானே பேசுவது போல, தாழ்ந்த குரலில், “மேடு வருது. பாத்துக்கோ” என்றார்.

“சரிங்கண்ணா” என்றாள் பூங்கொடி.

சக்கரம் ஒவ்வொன்றாக ஏறி, ஒவ்வொன்றாக இறங்கியது. பாயின் கை ஸ்டியரிங்கில் விறைத்ததைக் கவனித்தேன். நேற்றுவரை வாங்க போங்க என்று பேசியவர் என் மனைவியைத் திடீரென்று ‘பாத்துக்கோ’ என்கிறாரே என்று எனக்குச் சுருக்கென்றது. அவள் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

கொஞ்ச தூரம் போனதும், “எடது பக்கம் வளையும். லேசாச் சாயும், ஒண்ணுமில்ல” என்றார்.

“செரிங்க” என்றாள். ஒரு கையைப் பட்டையிலிருந்து எடுத்து நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டாள்.

நேற்று நான் குதித்த பள்ளிக்கூடத்து வேகத்தடை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். பாயின் உதடு அசைந்தது. “பெரிய மேடு. இன்னா ஏறுது. இன்னா எறங்குது. ஆச்சு, முடிஞ்சுது.”

“ஒண்ணுமே தெரியலீங்கண்ணா!” என்றாள் பூங்கொடி. குரலில் அத்தனை ஆச்சரியம்.

பாய் வண்டியை ஓரம் கட்டினார். எஞ்சினை அணைக்கவில்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். முதுகு குலுங்கியது. ஒரு வயதான மனிதர் அழுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது எப்படியிருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கையை எங்கே வைப்பதென்றுகூட எனக்குத் தெரியவில்லை.

“என்னாச்சுங்கண்ணா? எனக்கு வலிக்கலீங்க. மெய்யாலுமே வலிக்கலீங்க” என்று பின்னாலிருந்து அவள் பதறினாள். அதைக் கேட்டு அவர் இன்னும் அழுதார்.

பிறகு தாடியைத் துடைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமலே, எல்லாவற்றையும் சொன்னார். பெட்டிகளைப் பற்றி, விமான நிலையத்தைப் பற்றி. நான் தடுக்கவில்லை. தடுத்திருக்கவும் முடியாது.

“ஆரியங்காவு மலை தாண்டி நம்ம பக்கம் எறங்கும்போது எல்லாம் வளைவும் பள்ளமும்தான் தங்கச்சி. பின்னால பெட்டி லொடக்குன்னா எனக்கு உசுரு போயிரும். அத்தன வருசம் வெயில்ல கெடந்துட்டு வீட்டுக்கு வாரவன், கடைசி வழியிலயும் இடிபட்டா வரணும்? அதான் பேரச் சொல்லிக் கூப்பிட்டுச் சொல்லிட்டே வருவேன். காதரே, மேடு வருது. முருகா, வளைவு வருது. பாத்துக்கோன்னு. எல்லாரும் நம்ம ஊருப் பயலுவதான். அதே வாய்ல இப்பமும் வந்துட்டு, மன்னிச்சிருங்க. வலிக்கா, வலிக்கலயான்னு எனக்கு இதுவரைக்கும் ஒருத்தனும் சொன்னதில்ல. இன்னைக்குத்தான்…”

நான் பூங்கொடியின் முகத்தைப் பார்த்தேன். இறக்கிவிடச் சொல்லப் போகிறாள், லாட்ஜுக்கு எப்படிக் கொண்டுபோவது, லோடு ஆட்டோ கிடைக்குமா என்று என் மூளை ஓடிக்கொண்டிருந்தது. அவள் தனக்குக் கீழே இருந்த பலகையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். வெளியே இரண்டு மூன்று வேன்கள் பாட்டுப் போட்டுக்கொண்டு போயின. அவை கடந்து போனதும் தூரத்தில் அருவிச் சத்தம் கேட்டது.

“அண்ணா” என்றாள்.

“சொல்லுங்கம்மா.”

“என் பேரு பூங்கொடிங்க. எனக்கும் பேரச் சொல்லியே சொல்லுங்க.”

பாய் கைலி முனையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். கியரைப் போட்டார். வண்டி சாலையில் ஏறியது. முன்னால் பாலம், பாலத்துக்கு முன் ஒரு மேடு. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். இந்த முறை குரல் தாழவில்லை.

“பூங்கொடி, மேடு வருது. பாத்துக்கோ.”

“வரட்டுங்கண்ணா” என்றாள் அவள். இரண்டாவது கையையும் பட்டையிலிருந்து எடுத்துவிட்டாள்.